குப்புறப் போடாத முகம்

காராம்பூண்டி ஜமீன்தார் இடக்கையால் சோறு தின்ற கதை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். பேய் பிடித்தது என்பான் ஒருவன். சாபம் என்பான் இன்னொருவன். இரண்டு பேரும் மடையர்கள். ஒரு படம் எழுதினார்கள், அதனால் வந்தது. எழுதியவள் பெயர் நாச்சாரம்மாள். எங்கள் ஊரில் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்வார்கள். நான் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கம்பெனிக்காரன் தஞ்சாவூர் வரைக்கும் வந்துவிட்ட காலம். எங்கள் ஊருக்கு வரவில்லை, வண்டிப்பாதை சரியில்லை. அப்போது ஊர் வலங்கை, இடங்கை என்று இரண்டு கட்சியாகக் கிடந்தது. எந்தச் சாதி எந்தக் கை என்று எழுத மாட்டேன். அதற்கு அடித்துக்கொள்ள இன்றைக்கும் ஆள் இருக்கிறது. வலங்கைக்காரன் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு கால் பந்தல் போடலாம், இடங்கைக்காரன் பதினொன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வலங்கைக்காரன் வெள்ளைக் குடை பிடிக்கலாம், இடங்கைக்காரன் வெயிலில் போகலாம், வலங்கைப் பிணம் தேரடி வழியாகப் போகும், இடங்கைப் பிணம் வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும், செத்தவனுக்கு அது ஒரு பொருட்டில்லை, தூக்குகிறவனுக்குத்தான் தோள்வலி. வலங்கைச் சபை ஒருவனுக்குத் தண்டனை சொன்னால் அரிவாளைச் சபைத் தலைவர் தன் வலக்கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் தண்டனை, கொடுக்காவிட்டால் கொலை. அப்படி ஒரு சுத்தம் பார்த்தார்கள். சபைத் தலைவர் ஜமீன்தார். அவர் பெயர் நீளமானது. எஜமான் என்றே இருக்கட்டும்.

நாச்சாரம்மாளின் அப்பன் சிங்கராஜு. சித்திரக்காரன். வடக்கேயிருந்து வந்த குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ், இவர்கள் எந்தக் கை என்று யாரும் கேட்டதில்லை. கண்ணாடியில் சாமி எழுதுவது தொழில். சிங்கராஜுவுக்குக் கைநடுக்கம் வந்து, கிருஷ்ணனுக்கு மீசை முளைக்கிற அளவுக்குப் போனபோது, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்த மகள் தூரிகையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு காராம்பூண்டியில் எழுதிய ஒவ்வொரு தவழும் கிருஷ்ணனும், ஒவ்வொரு பட்டாபிஷேகமும், செட்டிகள் வீட்டுக் கூடத்தில் மாட்டிய ஒவ்வொரு லட்சுமியும் அவள் எழுதியது. கீழே பெயர் மட்டும் சிங்கராஜு. சால்வை வாங்கியது சிங்கராஜு. சந்தனம் பூசிக்கொண்டது சிங்கராஜு. அவள் சாயக் கிண்ணங்களைக் கழுவினாள்.

கண்ணாடி வேலை எப்படி என்று ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், திரும்பச் சொல்ல மாட்டேன். பலகையில் எழுதுகிறவன் முதலில் வானம், பிறகு உடம்பு, பிறகு நகை, கடைசியில் கண்ணிமை என்று வருவான். கண்ணாடியில் எல்லாம் நேர்மாறு. அதன் முதுகில் எழுதி முகத்தில் பார்க்க வேண்டும். அதனால் முதலில், எழுதியவன் பெயர், பிறகு இமை, மூக்குத்திக் கல், மீசை நுனி, அதன்மேல் தோலின் நிறம், அதன்மேல் பட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் வானம். முதலில் போட்ட கோடு தப்பினால் தப்பினதுதான், பின்னால் எதை அப்பினாலும் அந்தத் தப்பு முன்னால் வந்து நின்றுகொண்டு உங்களைப் பார்க்கும். இன்னொன்று, கண்ணாடியைத் திருப்பியதும் வலம் இடமாகிவிடும். அதற்காகத் தாளில் கரியால் எழுதின உருவத்துக்கு எண்ணெய் தடவி, கோடு பின்பக்கம் தெரிகிறபடி ஆக்கி, தாளைக் குப்புறப் போட்டு, அதன்மேல் கண்ணாடியை வைத்து எழுதுவார்கள். அப்புறம் திருப்பினால் சாமியின் அபயக்கை வலக்கையாகவே இருக்கும். குப்புறப் போடு. வித்தை அவ்வளவுதான்.

எஜமான் ஒரு தரம் தஞ்சாவூர் போனார். அங்கே யாரோ பெரிய மனிதர் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நானும் உட்கார வேண்டும் என்றார். சிங்கராஜுவுக்கு ஆள் போயிற்று.

எஜமான் வலக்கையில் வாளோடு திண்டில் சாய்ந்திருக்க, எதிரே சிங்கராஜு பலகையோடு உட்கார்ந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்குப் பின்னால் நாச்சாரம்மாள். பெண்பிள்ளை எஜமானை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தால் அது பார்த்ததாகாது. அப்பன் கரித்துண்டைப் பிடித்துக் காற்றில் ஆட்டினான். மகள் எழுதினாள். எழுதி முடித்த தாளைத் தட்டிக்கு அடியில் தள்ளினாள், அப்பன் எடுத்து நீட்டினான். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். "சிங்கராஜு கை என்ன கை!" என்றார்கள்.

மறுநாள் காரியஸ்தர் தாண்டவராயர் சித்திரக்காரன் வீட்டுக்கு வந்தார். ஜமீனில் எஜமான் தும்மினால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறவர் அவர். வந்தபோது நாச்சாரம்மாள் எண்ணெய்த் தாளை எடுத்துத் தரையில் பரப்பிய துணிமேல் குப்புறப் போட்டாள்.

"ஏய் ஏய் ஏய்! என்ன பண்றே?"

"திருப்பிப் போடறேன் ஐயா."

"எஜமான் மூஞ்சியைத் தரையில குப்புறக் கவுக்கிறியா? பொணத்தைக் கூட மல்லாக்கத்தான்டி போடுவாங்க. எடு!"

"குப்புறப் போட்டாத்தான் கை நேரா வரும். இல்லேன்னா வாளு இடக்கைக்குப் போயிரும்."

"படத்துல வாளு எங்க இருந்தா என்ன? எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறாரு? எஜமான் முகம் மண்ணைப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சாமி முகத்தையே குப்புறத்தான் போடறோம் ஐயா."

"சாமி கேக்காது. எஜமான் கேப்பாரு. நிமித்திப் போடு."

அவள் அப்பனைப் பார்த்தாள். அப்பன் விட்டத்தைப் பார்த்தான். "ஐயா சொல்றாருல்ல, செய்யேன்" என்றான். அவள் தாளை நிமிர்த்திப் போட்டாள். அதன்மேல் கண்ணாடியை வைத்தாள். மூலையில் முதலில், தாளில் இருந்தபடியே, அப்பன் பெயரை எழுதினாள், பிறகு எஜமானின் இமைகளை. காரியஸ்தர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, முகம் மண்ணைப் பார்க்காமல் காவல் காத்தார்.

படம் கொலுமண்டபத்தில் ஏறியது. பட்டின் மடிப்பு மடிப்பாக, முத்துக்கு முத்து நிழலாக, மீசையில் ஒவ்வொரு மயிருக்கும் தனியாக மினுக்கம் போட்டு, எஜமான் எஜமானை விட அழகாக உட்கார்ந்திருந்தார். வாள் இடக்கையில் இருந்தது. வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது. மூலையில் பெயர் ஒருவரும் படிக்க முடியாதபடி புரண்டு கிடந்தது. சிங்கராஜுவுக்குச் சால்வை போட்டார்கள்.

விடிந்து எஜமான் எழுந்தார். இடக்கையால் பல் விளக்கினார். இடக்கையால் மீசையைத் தடவினார். இலை போட்டதும் இடக்கையைச் சோற்றில் வைத்துப் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டு, நன்றாக மென்று, "இன்னும் கொஞ்சம் நெய்" என்றார். பரிமாறினவன் கையிலிருந்த கிண்ணி விழுந்தது.

மச்சம் இடக் கன்னத்துக்குப் போயிருந்தது. உச்சிச்சுழி மறுபக்கமாகச் சுழித்திருந்தது. வைத்தியர் வந்தார். ஆணுக்கு வலக்கையில் நாடி பார்ப்பது, பெண்ணுக்கு இடக்கையில் பார்ப்பது. வலக்கையில் நாடி பேசவில்லை. இடக்கையைத் தொட்டதும் வாயாடி மாதிரிப் பேசியது. வைத்தியர் எஜமானுக்கு ஒரு கோளாறும் இல்லை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வேறு பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ராணி மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, "மச்சம் இந்தப் பக்கந்தான் நல்லா இருக்கு" என்றாள்.

எஜமானுக்கு மாறினது தெரியவேயில்லை. அவருக்கு மற்றவர்கள்தான் மாறிப் போயிருந்தார்கள். "ஏண்டா எல்லாரும் நொட்டாங்கையால தின்னுறீங்க?" என்று சீறினார்.

இனி ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். அதுதான் கதை.

முதலில் மறைத்தார்கள். எஜமான் சாப்பிடும்போது திரை கட்டினார்கள். அவர் கோயிலைச் சுற்ற இறங்கி, எல்லாரும் வருகிற வழிக்கு எதிரே நடந்து, தீர்த்தக்குடத்தோடு வந்த ஐயர் மேலேயே மோதி விழுந்த பிறகு திரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. காரியஸ்தர் யோசித்தார். எஜமான் தப்பாக இருக்க முடியாது. ஆகவே பேச்சுதான் தப்பாக இருக்கிறது. தமுக்கு அடித்துச் சொன்னார்கள்: எஜமான் எந்தக் கையால் சாப்பிடுகிறாரோ அதுதான் இனி வலக்கை, மற்றது இடக்கை, மாற்றிச் சொல்கிறவனுக்குக் கசையடி.

ஊர் அதற்கும் பழகிற்று. எங்கள் ஊர் எதற்கும் பழகும். வண்டிக்காரன் வலம் என்று சொல்லி இடம் திரும்பினான், எதிரே வந்தவன் இடம் என்று சொல்லி வலம் திரும்பினான், மாடுகள் கொம்போடு கொம்பு கோத்துக்கொண்டு நின்றன, பூசாரி விபூதியைக் கொடுத்தபோது யார் எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டினார்கள், மாப்பிள்ளை வலக்காலை எடுத்து வைத்து வா என்றால் வாசற்படியில் நின்று இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான், மாமியார் உள்ளேயிருந்து "குதிச்சு வந்து தொலைங்க" என்றாள், குதித்து வந்தான். எஜமானுக்கு நல்ல பெயர் வாங்க நினைத்தவர்கள் இடக்கையால் தின்னப் பழகி, காதிலும் மூக்கிலும் சோற்றை அப்பிக்கொண்டு, வாயைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் விருந்து வைத்தார்கள்.

இடங்கைத் தெரு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தத் தெருப் பெரியவர் ஒருநாள் ஜமீன் வாசலுக்கு வந்தார். மேளத்தோடு வந்தார்.

"காரியஸ்தரே, இடக்கைதான் இனி வலக்கைன்னு தமுக்குப் போட்டீங்களா இல்லையா?"

"போட்டோம். அதுக்கு?"

"அப்போ இடங்கைதான் இனி வலங்கை. பன்னிரண்டாவது பந்தக்காலைக் கொடுங்க. வெள்ளைக் குடையைக் கொடுங்க. எங்க ஆயா ஒண்ணு சாகக் கிடக்குது, தேரடி வழியைத் திறந்துவிடுங்க."

"ஓய், வாயை அடக்கு!"

"நாங்க அடக்கினது போதும். எஜமானே எங்க கைக்கு வந்துட்டாரு. நீங்கதான் பாவம், தலையில்லாம நிக்கிறீங்க."

அன்று சாயங்காலமே தமுக்கை மாற்றி அடித்தார்கள். பழைய வலமே வலம், பழைய இடமே இடம், எஜமான் மட்டும் எஜமான். அடித்து என்ன செய்ய? பேச்சு வெளியே போய்விட்டது. இடங்கைக்காரர்கள் பன்னிரண்டாவது காலை நட்டார்கள். வலங்கைக்காரர்கள் பிடுங்கினார்கள். பிடுங்கின கம்பாலேயே மண்டை உடைந்தது. குடை கிழிந்தது, கூரை எரிந்தது, கிழவியின் பிணம் தேரடிக்கும் வாய்க்கால் மேட்டுக்கும் நடுவே இறக்கி வைக்கப்பட்டு ஈ மொய்த்தது, கல் எறிந்தவர்களே வந்து ஈ ஓட்டினார்கள், ஓட்டிவிட்டுத் திரும்பப் போய்க் கல் எறிந்தார்கள். அடங்கியபோது இரண்டு தெருவிலும் எண்ணெய் தேய்க்க முழுசாக ஒரு தலை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு ஓர் ஆள் வேண்டும். எஜமான் காரணமாக இருக்க முடியாது. காரியஸ்தர் காரணமாக இருக்க மாட்டார், விசாரிப்பது அவர்தான். எல்லாரும் கொலுமண்டபத்துப் படத்தைப் பார்த்தார்கள். கூட்டினார்கள் வலங்கைச் சபையை. சிங்கராஜுவை இழுத்து வந்தார்கள்.

"நீதானே எழுதினே?" என்றார் காரியஸ்தர்.

சிங்கராஜு தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். வாழ்நாளில் முதல் தடவையாக அவற்றை மறைக்காமல் காட்டினான். அவை காற்றில் வாழையிலை மாதிரி ஆடின.

"இந்தக் கையா சாமி எழுதும்? நான் ஒரு கோடு இழுத்து எத்தனையோ வருஷமாச்சு. எல்லாம் அவ எழுதினது. சாமி படம், ஆசாமி படம், எல்லாம் அவ."

சபையில் ஓர் இரைச்சல் எழுந்தது. எல்லாருக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது. நான் அப்பவே பார்த்தேன் என்றான் ஒருவன். தட்டிக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது என்றான் இன்னொருவன். என் வீட்டு லட்சுமி படம் வந்த நாளிலிருந்து மாடு கறக்கவில்லை, அப்பவே சந்தேகம் என்றான் மூன்றாமவன். படம் நன்றாக இருந்த வரைக்கும் அப்பன் எழுதியது. கை மாறினதும் மகள் எழுதியது. ஒரு சால்வையும் வாங்காதவளுக்கு அன்றைக்கு ஒரே மூச்சில் அத்தனை படமும் சொந்தமாயிற்று.

நாச்சாரம்மாள் தூண் ஓரமாக நின்றாள். விரல் இடுக்கில் இன்னும் பச்சைச் சாயம் இருந்தது. அப்பனைப் பார்த்துக் கேட்டாள்:

"இதைச் சொல்ல இவ்வளவு நாளாச்சா நாயனா?"

அவன் கைகளை மறுபடி சால்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

தீர்ப்புச் சொன்னார்கள். எஜமானைத் திருப்பி எழுத வேண்டும். எஜமான் கை பழையபடி வந்தால் அவள் முழுசாக ஊரை விட்டுப் போகலாம். வராவிட்டால் அவள் வலக்கை மணிக்கட்டோடு போகும்.

"சரி" என்றாள். "எழுதறேன். என் பேரைப் போட்டு எழுதறேன்."

"என்னது?"

"கை போறது என் கை. பேரு மட்டும் எதுக்கு நாயனா பேரு?"

சபை சிரித்தது. பொம்பளை பெயர் படத்தில் இருந்தால் எஜமான் படத்தை எப்படி மாட்டுவது என்றான் ஒருவன். காரியஸ்தர் கையை உயர்த்தினார். அவருக்குப் புத்தி உண்டு. "போடட்டும்யா. நாளைக்கு எவனும் நான் எழுதலேன்னு சொல்லாம இருக்கும்ல" என்றார்.

இந்தத் தடவை தட்டி இல்லை. தீர்ப்புப் பெற்றவளுக்கு என்ன தட்டி? எஜமானுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தை நேராகப் பார்த்து, புளியங்குச்சிக் கரியால் எழுதினாள். எஜமானை அதுவரை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. தலை குனிந்துதான் பார்ப்பார்கள். அவர் மூக்குக்குக் கீழே பார்ப்பார்கள். அவருக்கு உடம்பு கூசியது.

"எங்கேடி பாக்கிறே?"

"மூக்கைப் பாக்கிறேன் சாமி."

"இவ்வளவு நேரமா?"

"மூக்கு அவ்வளவு இருக்கு."

எஜமானுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இடக்கை வாளைத் தூக்கியது. பிறகு இறக்கினார். "உன் கை போயிரும். தெரியுமா?"

"தெரியும். ஆடாம இருங்க."

தாள் முடிந்தது. எண்ணெய் தடவினாள். இந்த முறை வேலை கொலுமண்டபத்திலேயே, சபை முன்னால். தாளைத் தரையில் நிமிர்த்திப் போட்டாள். எஜமான் முகம் கூரையைப் பார்த்தது.

காரியஸ்தர் பாய்ந்து வந்தார். "அடிப் பாவி! மறுபடியும் நிமித்திப் போடறியா? அன்னைக்கு இப்படிப் போட்டுத்தானே எல்லாம் நாசமாச்சு!"

"அன்னைக்கு இப்படிப் போடச் சொன்னது நீங்க."

"வாயை மூடு. குப்புறப் போடு!"

அவள் எழுந்து நின்றாள். சபைக்குக் கேட்கும்படி சொன்னாள். பதற்றம் இல்லாமல், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அன்னைக்கு எஜமான் நேரா இருந்தாரு. நிமித்திப் போட்டதுல திரும்பிட்டாரு. இன்னைக்குத் திரும்பி இருக்காரு. நிமித்திப் போட்டாத்தான் மறுபடி திரும்புவாரு. குப்புறப் போட்டா எப்படி இருக்காரோ அப்படியே நிப்பாரு. அப்புறம் அசைக்க முடியாது."

சபை குழம்பியது. ஒருவன் விரலை நீட்டி மடக்கிக் கணக்குப் பார்த்தான், பாதியில் எந்தக் கை என்பது மறந்துபோய் விட்டுவிட்டான். காரியஸ்தர் சொன்னார்: "கை போகப் போறவ நமக்கு நல்லதா சொல்லுவா? அன்னைக்கும் குறுக்கே பேசினா, இன்னைக்கும் பேசுறா. எதைச் சொல்றாளோ அதுக்கு நேர் எதிரா செய்யணும். குப்புறப் போடு."

"எஜமான் முகம் மண்ணைப் பாக்கும்."

"பாக்கட்டும்!"

எஜமான் திண்டில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் தாளைக் குப்புறப் போட்டாள். இரண்டு கையாலும், மடிப்பு விழாமல், மெதுவாகப் போட்டாள். கண்ணாடியை வைத்தாள். மூலையில் முதல் கோடு தன் பெயர். அதைத் தாண்டித்தான் எஜமானின் இமைக்குப் போனாள்.

படம் ஏறியது. இது முன்னதை விட நன்றாக இருந்தது என்பார்கள். முன்னதில் எஜமான் அழகாக இருந்தார், இதில் எஜமானாக இருந்தார். மூக்கு இருந்தபடி இருந்தது. கண்ணுக்குக் கீழே தொங்கின பை இருந்தது. தன்னை ஒருத்தி நேராகப் பார்த்துவிட்ட கூச்சம் உதட்டோரத்தில் இருந்தது. வாள் இடக்கையில் இருந்தது.

விடிந்தது. எஜமான் இடக்கையால் பல் விளக்கினார். இடக்கையால் சோற்றைப் பிசைந்தார்.

தேரடியில் கூடினார்கள். வலங்கை முழுக்க வந்தது. இடங்கைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வாய்க்கால் மேட்டில் நின்றார்கள். புளியங்கட்டையைப் போட்டார்கள். அரிவாளைக் கழுவி, எலுமிச்சை குத்தி, தாம்பாளத்தில் வைத்தார்கள். வெட்டுகிறவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். நாச்சாரம்மாளைக் கூட்டி வந்தார்கள். முகத்தில் இரத்தம் இல்லை. உட்கார்ந்தாள். வலக்கையைக் கட்டைமேல் வைத்தாள். விரல்களை இடக்கையால் ஒருதரம் விரித்து அமுக்கி வைத்தாள்.

எஜமான் எழுந்து வந்தார். தாம்பாளத்துக்கு இடக்கையை நீட்டினார்.

"நில்லுங்க எஜமான்!" என்று கத்தினார் ஒரு கிழவர். "இடக்கையால தொட்டா அது இடங்கைத் தீர்ப்பு!"

வாய்க்கால் மேட்டிலிருந்து குலவை கேட்டது. "தொடுங்க எஜமான், தொடுங்க! எங்களுக்கும் ஒரு அரிவா ஆச்சு!"

"வலக்கையால தொடுங்க எஜமான்" என்றார் காரியஸ்தர் அவசரமாக.

எஜமான் வலக்கையை நீட்டினார். அப்போது கோயில் ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "காரியஸ்தரே, இப்போ எஜமான் அந்தக் கையாலேன்னா கால் கழுவிக்கிறார்! எலுமிச்சை குத்தின ஆயுதம். அதையா தொடறது?"

எல்லாரும் எஜமானின் கைகளைப் பார்த்தார்கள். ஒரு கை எதிர்க்கட்சி. ஒரு கை அசுத்தம். மூன்றாவது கை அவருக்கு இல்லை.

பேசினார்கள். உடம்பில் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் வலக்கை என்றது ஒரு கூட்டம், எதால் தின்கிறோமோ அதுதான் வலக்கை என்றது இன்னொன்று, தின்கிற கைதான் வலக்கை என்றால் இடங்கைதான் வலங்கை, பந்தக்கால் போகும் என்றது மூன்றாவது, கழுவுகிற கையால் கொடுத்த தண்டனை கொலைக்கும் கீழே என்றது நான்காவது, வெயில் ஏறியது, எலுமிச்சை வாடியது, எஜமான் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, யாரிடமிருந்தோ குழந்தையை வாங்கிக்கொள்ளப் போகிறவர் மாதிரி, நடுத்தெருவில் நின்றுகொண்டே இருந்தார்.

நாச்சாரம்மாளின் முழங்கை மரத்துப் போயிற்று.

"ஐயா" என்றாள் காரியஸ்தரைப் பார்த்து. "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க. வீட்டுல சாயம் கரைச்சு வெச்சிட்டு வந்தேன், காஞ்சிரும்."

அவள் இன்னும் கொஞ்சம் காத்தாள். பிறகு கையைக் கட்டையிலிருந்து எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, எழுந்து வீட்டுக்குப் போனாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது அவளுக்கு முன்கூட்டியே தெரியுமா, சபை முன்னால் அத்தனை சொன்னது குப்புறப் போட வைக்கத்தானா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. சொன்னது உண்மை. கேட்காதது அவர்கள்.

தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. நல்ல கை கிடைக்கும் வரை நிறுத்தி வைத்திருக்கிறது என்றார்கள். அப்புறம் எஜமானுக்குப் பிறந்து சபைத் தலைவனான வாரிசும் பிறவியிலேயே இடக்கைக்காரன். அந்த நிறுத்தி வைத்த கையால் அவள் கிழவியாகும் வரை எழுதினாள். அப்பன் வீட்டில் அவள் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் கிடந்து செத்தான். ஊர் அவளோடு பேசவில்லை, தண்ணீர்த்துறையில் அவள் வந்தால் நகர்ந்துகொண்டது, பிள்ளைகளை அவள் கண்ணில் படாமல் இழுத்துக்கொண்டது. படம் மட்டும் வாங்கியது. பயந்துகொண்டே வாங்கியது. தாளைக் குப்புறப் போட்டுத்தான் எழுதினாயா என்று ஒவ்வொருவனும் கேட்டான். அவள் ஒருவனுக்கும் பதில் சொன்னதில்லை.

ஜமீன் போயிற்று. கொலுமண்டபத்தில் இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறான் ஒருவன். இரண்டு படமும் சுவரில் இருக்கின்றன. முதல் படத்தின் மூலையில் சிங்கராஜுவின் பெயர் புரண்டு கிடக்கிறது, கண்ணாடி பிடித்தால்தான் படிக்கலாம். இரண்டாவதில் அப்படி இல்லை. ஒட்டடையைத் தள்ளிவிட்டால் போதும். நேராக இருக்கிறது: நாச்சாரம்மாள் எழுதினது.